தலைவரின் மனுவில் என் கடை சீல்

வியாழன், இரவு.

எங்கள் வார்டு கட்சித் தலைவர் இன்று ஜீவனஹள்ளியில் உள்ள என் கடைக்கே வந்தார். பள்ளியில் உடல் பாதுகாப்புப் பாடம் கூடாது, பிள்ளைகளிடம் அதைப் பேசப் பெற்றோருக்குத்தான் உரிமை என்று ஒரு மனு. படித்தேன், சரியென்று பட்டது. கையெழுத்திட்டுக் கடை சீலும் குத்தினேன். சாப்பிடும்போது பெருமையாக வீட்டில் சொன்னேன்.

ஒன்பதாவது படிக்கும் மகள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"அப்பா, அந்த ஸ்கூல் வேன் டிரைவர் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டத மொதல்ல யார்கிட்ட சொன்னேன்?"

"டீச்சர்கிட்ட."

"அந்தப் பாடம் நடத்துனாங்க, அதனாலதான் சொன்னேன்."

மனைவி விடவில்லை. "நாளைக்கே போய் உங்க பேர அடிச்சிட்டு வாங்க."

"கடை முன்னாடி நிழலுக்கு ஷீட் போட்டப்ப கார்ப்பரேஷன்ல பேசுனது அவர்தான்டி. பேர அடிச்சா ஷீட்ட எடுக்கச் சொல்லிடுவாரு."

"எடுக்கட்டும். வெயில்ல நின்னு வியாபாரம் பண்ணுங்க."

காலையில் போய்ப் பெயரை அடித்துவிடுவேன். ஷீட் போனால் போகட்டும். குடும்ப விஷயம் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த வேனில் அது நடந்த சாயங்காலம் நானும் வீட்டில்தான் இருந்தேன். என்னைத் தாண்டி உள்ளே போய்ப் படுத்தவள், மறுநாள் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று அவளிடம் இன்னும் கேட்கவில்லை.