பழைய ஆயில் பைப்

என் அன்பு மனைவிக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? பாப்பா அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

பட்டறையில் ஒரு சின்னக் கூத்து. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊதும் டர்போ கெட்டுப்போன பழைய டீசல் கார் ஒன்று வந்தது. ஆயில் பைப்பில் கரி அடைத்து, ஆயில் போகாமல் டர்போ தேய்ந்திருந்தது. புது டர்போவை நான் மாட்டினேன். புது பைப்பை உன் தம்பி கையில் கொடுத்து, மாற்றச் சொன்னேன். அவன் சோம்பல்பட்டு, பழையதையே காற்றடித்து மாட்டிவிட்டான். போன வண்டி புகை கக்கிக்கொண்டு திரும்பி வந்தது. புது டர்போவும் போச்சு.

"பைப்பை ஏன் மாத்தல?" என்று முதலாளி கத்தினார்.

உன் தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மாமாதான் பழசே போதும்னு சொன்னாரு."

முதலாளி காலில் விழாத குறையாக அவனை இங்கே சேர்த்துவிட்டவன் நான். அவனுக்கு வாய் கூசவில்லை; எனக்குத்தான் வாய் எழவில்லை.

கவலைப்படாதே, வேலை போகவில்லை. இப்போதைக்கு வண்டி கழுவுகிறேன். தண்ணீரில் நின்று கை வெடிக்கிறது, களிம்பு அனுப்பு. அவனும் நானும் ஒரே அறை; என் பெட்டிக்கு ஒரு சின்னப் பூட்டும் வேண்டும். பாப்பா வரைந்த படம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து வை. இதெல்லாம் உன் அம்மா காதுக்குப் போகவேண்டாம்.

சாப்பாட்டு நேரம் முடியப்போகிறது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் டப்பாவிலிருந்துதான் சாப்பிடுகிறான். "அக்காவுக்கா மாமா? நான் விசாரிச்சதா எழுதுங்க" என்கிறான்.

உன் தம்பி உன்னை மிகவும் விசாரித்தான்.

உன் கணவன்