உங்கப்பா வாங்கிய முப்பத்தாறு வோல்ட்

அன்பு மகன் கதிரவனுக்கு, அம்மா ராமக்காள் ஆசியுடன் எழுதுவது. நானும் உன் தங்கை யுவராணியும் மாடு கன்றும் சௌக்கியம். உங்கப்பாவும் உடம்பளவில் சௌக்கியம், புத்திக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். போனில் திட்டினால் டவர் இல்லை என்று கத்தரித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுக்கப் படி.

யுவராணி நிச்சயத்துக்கு மைக் செட்டை வாடகைக்குச் சொல்லலாம் என்றேன். அதெல்லாம் தண்டம், ஆம்ப்ளிஃபயரை நானே செய்வேன் என்று தருமபுரி போய் ஒரு போர்டும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கிவந்தார் உங்கப்பா. அதற்கு இருபத்துநாலு வோல்ட், ஐந்து ஆம்பியர் வேண்டும் என்று கூட வந்த சீட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. சீட்டைப் படித்தால் மீசை இறங்கிவிடுமாம். பழைய செட்டாப் பாக்ஸின் பன்னிரண்டு வோல்ட் அடாப்டரைச் சொருகினார். மெதுவாக வைத்தால் பாடியது, ஏற்றி வைத்து மேளம் அடிக்கும் இடம் வந்தால் விக்கி விக்கி நின்றது, லோ வோல்டேஜில் நம் கிணற்று மோட்டார் முக்குகிற மாதிரி. உன் பெரியப்பா பெரியண்ணன் வந்து தட்டிப் பார்த்து இது ஸ்பீக்கர் கோளாறு என்றார். மாடு சினை பிடிக்காவிட்டாலும் தொழுவத்தைக் குறை சொல்லுகிறவர் அவர். அதற்குப் பிறகுதான் உங்கப்பா உனக்குப் போன் போட்டார். வோல்ட் சீட்டுல இருக்கிற மாதிரியே இருக்கணும், ஆம்பியர் மட்டும் கூட இருந்தாப் பரவால்லப்பா என்றாய், நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் காதில் விழுந்தது கூட இருந்தாப் பரவால்ல என்பது மட்டும். போய் முப்பத்தாறு வோல்ட் பவர் சப்ளை வாங்கிவந்து போர்டில் சொருகினார். பட்டென்று போர்டில் ஏதோ வெடித்து வீடெல்லாம் கருகல் நாற்றம். போர்டு மட்டம் என்றார் வெட்கமில்லாமல். கடைசியில் நானே சீட்டை எடுத்துக்கொண்டு கூடப் போய், வேறு போர்டும் இருபத்துநாலு வோல்ட், ஆறு ஆம்பியர் சப்ளையும் வாங்கவைத்தேன். கணீரென்று பாடியது. உடனே தானே கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வேனைவிட்டு இறங்கும் நேரம், உன் வாய்ஸ் மெசேஜ் வந்ததென்று பாட்டை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்தார். போன் ப்ளூடூத்தில் ஸ்பீக்கரோடு சேர்ந்திருப்பது அந்த விஞ்ஞானிக்கு நினைவில்லை. அப்பா, வேலை போயி ரெண்டு மாசமாச்சு, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, லீவு கிடைக்கலன்னே இருக்கட்டும் என்று நீ பேசியது தெரு முழுக்கக் கேட்டது. பதறிப்போய் அணைக்கிறேன் என்று மறுபடியும் அதையே அமுக்கினார், மறுபடியும் கேட்டது. சந்தனத் தட்டோடு நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே யுவராணி அழ ஆரம்பித்துவிட்டாள். சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா செல்லம்மாள் என் கையிலிருந்து தட்டைத் தானே வாங்கிக்கொண்டு, எங்க பையனும் ஒரு வருசம் சும்மா இருந்தவன்தானுங்க, எதையும் ஒளிக்கத் தெரியாத வூடு, தைரியமா பொண்ணு எடுக்கலாம் என்று சிரித்தார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. கல்யாணம் தையில்.

வேலை போனதற்கு நான் உன்னைத் தூக்கிலா போட்டிருப்பேன்? தினமும் சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்றாய், எதைச் சாப்பிட்டாயோ. தோஹாவில் தனியாகக் கிடந்து மானத்தைக் காப்பாற்றுகிறாராம், பெரிய மனுஷன். மாரியம்மன் துணையிருப்பாள், நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. வரும்போது அப்பாவுக்கென்று கரண்டில் ஓடும் சாமான் எதையும் தூக்கிவராதே. லீவு தரமாட்டேன் என்று சொல்லத்தான் உனக்கு இப்போது முதலாளி இல்லையே, கிளம்பி வா.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா,
ராமக்காள்