பச்சை வரிசை

ஏப்ரல் 9

அன்புள்ள புளிப்புக்காரிக்கு,

இங்கு நலம். நீயும் உன் அக்கா வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால்தான் தாளை எடுத்தேன்.

தோட்டம் முழுக்கப் பூ. என் ரெட் டெலிஷியஸ் ஆப்பிளைவிட நீ ஒட்டுக் கட்டி வளர்த்த பச்சை ஆப்பிள், அந்த கிரானி ஸ்மித் வரிசைதான் அதிகம் பூத்திருக்கிறது. அங்கிருந்து தேனீ மகரந்தம் கொண்டுவந்தால்தானே என் சிவப்பு காய்க்கும்? உன் மரங்களுக்கு மாப்பிள்ளை வீட்டு மிடுக்கு!

ஒன்று மட்டும் உறுத்துகிறது. உன் வரிசையில் சில பூங்கொத்துகள் தீயில் வாட்டியதுபோல் கறுத்து, கிளை நுனி கைத்தடிப் பிடிபோல வளைந்து தொங்குகிறது. பனியாக இருக்கும். பார்க்கலாம்.

எப்போது வருகிறாய் என்று கேட்கமாட்டேன்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 14

அன்புள்ள உங்களுக்கு,

தாளில் இருக்கும் வெள்ளைத் தடம் மாவு. கை கழுவக்கூடத் தோன்றாமல் எழுதுகிறேன்.

அது பனி இல்லைங்க. பனி பட்டால் நுனி வளையாது. அது கருகல் நோய். பூவில் நுழைந்து கிளை வழியாக அடிமரத்துக்கு இறங்கும். தேனீயும் மழையும் அதைத் தோட்டம் முழுக்கத் தூக்கிக்கொண்டு போகும். தண்டில் கசிவு தெரிந்தால் யோசிக்காதீர்கள், மரத்தையே எடுத்துவிடுங்கள். என் மரம் என்று பார்க்க வேண்டாம்.

இங்கே நான் வேலை பார்க்கும் பேக்கரியில், மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுடும் 'ஆப்பிள் பை'க்கு முதலாளி ரெட் டெலிஷியஸ்தான் வாங்கிப் போட்டார். அடுப்பிலிருந்து எடுத்தால் குழந்தைக்கு ஊட்டும் கூழ்! "இது கடிச்சுத் தின்ன நல்ல பழம், சுட நல்ல பழம் இல்லைங்க" என்று சொல்லி கிரானி ஸ்மித் வாங்க வைத்தேன். வெந்தும் துண்டு துண்டாகவே நின்றது. புளிப்பும் சர்க்கரைக்கு அடங்கவில்லை. மனுஷர் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

உடனே பதில் போடுங்கள்.

நான்தான்


ஏப்ரல் 19

அன்புள்ள புளிப்புக்காரிக்கு,

கறுத்த நுனிகளை மட்டும் வெட்டி எரித்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தேன். மரத்தில் கை வைக்கவில்லை.

"எடுத்துவிடுங்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். வெட்டுவதில் உனக்கு எப்போதும் கை வேகம். பெட்டி கட்டியதும் அப்படித்தானே?

இந்த வீட்டில் உன்னுடையது என்று மிச்சம் இருப்பது அந்த வரிசை ஒன்றுதான். காலையில் காபியை எடுத்துக்கொண்டு அங்கேதான் போய் நிற்கிறேன். அதையும் வெட்டிவிட்டு எங்கே போய் நிற்பேன், சொல்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 24

உங்களுக்கு,

பக்கத்துத் தோட்டத்து அக்கா நேற்று போன் செய்தார். தண்டில் பழுப்பாகக் கசிகிறதாமே? அதை ஏன் எனக்கு எழுதவில்லை?

"உன் வீட்டுக்காரர்கிட்ட நீயாவது சொல்லும்மா. என்னோடது அத்தனையும் காலா ரக ஆப்பிள். அந்த நோய் வந்தா தாங்காது. மழை வேற வரப்போகுது. கேட்டா, பார்க்கலாம் பார்க்கலாம்னே சொல்றாரு" என்று அழுகிறார். அவருக்கு அந்தத் தோட்டத்தை விட்டால் வேறு நாதி ஏது?

நம் பழத்தை வைத்து வீட்டிலேயே பேக்கரி போடலாம் என்று நான் சொன்னதற்கும் வருஷக்கணக்காக அதே 'பார்க்கலாம்'தான். நான் பொறுத்தேன். நோய் பொறுக்காது. மரத்தின் மேல் காட்டுகிற பாசத்தில் பாதியை என் பேச்சின் மேல் காட்டியிருந்தால், நான் பெட்டியே கட்டியிருக்கமாட்டேன்.

அவற்றை வளர்த்தது நான். ஆள் கூட்டிவந்து வெட்டச் சொல்லி பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் சொல்லிவிட்டேன். தடுத்தீர்கள் என்று தெரிந்தால், இதுதான் நான் எழுதும் கடைசிக் கடிதம்.


ஏப்ரல் 28

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதமும் ஆட்களும் ஒரே காலையில் வந்து சேர்ந்தார்கள்.

தடுத்தேன். மறைக்கவில்லை. வரிசைக்கு முன்னால் போய் நின்று, "என்னைத் தாண்டிப் போங்க பார்ப்போம்" என்று கத்தினேன். அக்கா சண்டைக்கு வரவில்லை. "கொஞ்சம் வாங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார். ஓரத்துக் காலா மரத்தில் ஒரு நுனி கறுத்து வளைந்திருந்தது. அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

திரும்பி வந்து ரம்பத்தை நானே வாங்கிக்கொண்டேன். பச்சை வரிசை முழுவதையும் வெட்டினேன். பூவும் இலையுமாகப் பச்சை மரம், லேசில் எரியவில்லை. புகையில்தான் கண் கலங்கியது என்று ஆட்களிடம் சொன்னேன்.

இலை உதிரும் காலத்தில் அங்கே ஜோனாகோல்ட் நடப்போகிறேன். நாற்றுப் பண்ணையில் சொல்லிவிட்டேன். தின்ன இனிக்குமாம், சுட்டாலும் கரையாதாம். யாரையும் கேட்கவில்லை. அதே இடத்தில் குழியும் எடுக்கத் தொடங்குகிறேன்.

நீ எழுதமாட்டாய். ஆனாலும் இதைச் சொல்ல உன்னைவிட்டால் எனக்கு யார்?

உன் வீட்டுக்காரன்


மே 6

என்னங்க,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஜோனாகோல்ட் என்று படித்ததும் முடியவில்லை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தனியாக ஒரு முடிவு எடுத்திருக்கிறீர்கள். அதுவும் தப்பாக! ஜோனாகோல்டின் மகரந்தம் அடுத்த மரத்துக்கு உதவாது. அதை மட்டும் நம்பினால் உங்கள் சிவப்பு பூத்துப் பூத்துக் கொட்டும், காய்க்காது. கருகல் நோய்க்கும் அது சீக்கிரம் பலியாகிவிடும். பண்ணையில் லிபர்ட்டி ரகம் கேளுங்கள். நோயை எதிர்த்து நிற்கும், மகரந்தமும் கொடுக்கும். சுடுவதற்குச் சுமார்தான். அதை நான் சமாளித்துக்கொள்வேன்.

அக்காவின் தோட்டத்தில் அந்த ஒரு கிளையோடு நின்றுவிட்டதாம். நீங்கள் தினமும் வேலியோரம் போய் அவருடைய மரங்களைப் பார்த்துக்கொடுப்பதாகவும் சொன்னார். நீங்கள் எழுதவில்லையே.

ஒரு வாரம் லீவு கேட்டிருக்கிறேன். திரும்பி வருவேன் என்றுதான் முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன். நீங்களாக வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன்.

குழி எடுப்பதை நிறுத்துங்கள். ஆப்பிள் நின்ற மண்ணில் உடனே ஆப்பிள் வைத்தால் தேறாது, நோஞ்சானாகவே நிற்கும். எதிர் மேட்டில் வெயில் விழுகிற துண்டு நிலம் ஒன்று சும்மாதானே கிடக்கிறது. அங்கே நின்று பேசுவோம்.

நான்