எட்டாம் பிளாக்கில் பாட்டு

ஜூன் 8, ஞாயிறு

அப்பாவை இன்று படம் பிடித்தார்கள். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் எங்கள் டைல்ஸ் கடைக்கு முன்னால் நாற்காலி போட்டு, காலரில் மைக் மாட்டி. பிடித்தவன் உதயா. சிறுசேரி ஆபீஸில் என் டீமில் இருந்தவன். வேலையை விட்டுவிட்டு இப்போது யூடியூப் சேனல் நடத்துகிறான். பேர்போன சிறைகளைப் பற்றி ஒரு தொடர். என் அப்பா செங்கரடு மத்திய சிறையில் வார்டராக இருந்து ரிட்டையர் ஆனவர் என்று நான்தான் எப்போதோ சொல்லிவைத்திருந்தேன்.

வீட்டில் அப்பா கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி. அம்மா போன பிறகு அதுவும் குறைந்துவிட்டது. இன்று அவ்வளவு பேசினார். வெள்ளைக்காரன் கட்டும்போது மதிலுக்குப் பூசிய சுண்ணாம்பு, அதில் பல்லிகூட வழுக்கி விழுமாம். சோற்றுக் கழிவு ஏற்றிப்போன டிராக்டருக்குள் புதைந்து தப்பித்த கைதி. கலவரத்தில் சமையற்கூடம் எரிந்தது. வெளியே ஊரை நடுங்கவைத்த ரவுடி ஒருவன் உள்ளே புறாவுக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் எட்டாம் பிளாக். தனித்தனிக் கொட்டடி, பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியாது. செங்கரடு என்றால் ஆட்கள் பயந்தது அந்த பிளாக்குக்குத்தான்.

உதயாவுக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கும்தான். சிறை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் என்பதால் ஸ்கூலில் எனக்கு 'ஜெயில் தீபா' என்று பெயர். அந்தப் பெயரை முதல்முறையாக யாரிடமாவது சொல்லலாம் போலிருந்தது.

ஜூன் 13, வெள்ளி

வீடியோவைப் பார்க்காத ஆள் இல்லை. சேலையூர் ஏரிப் பக்கம் நடக்கப் போனால் நிறுத்திப் பேசுகிறார்களாம். அப்பா புதுச் சட்டை கேட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெயர் ஜோசலின், பொழிச்சலூர், சர்ச் முடித்து நேராக வருகிறாள். வீடியோவில் கடை போர்டைப் பார்த்து, கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். இவளும் ஜெயில் கதை கேட்க வந்தவள் என்று நினைத்து அப்பா சந்தோஷமாக வெளியே வந்தார்.

அவள் தம்பி வேதசிரோமணி. ஒரு கொலை வழக்கில் பிடிபட்டு, விசாரணை முடிவதற்கு முன்னாலேயே செங்கரட்டில் இறந்தவன். மத்தியானம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், மறுநாள் காலை அங்கேயே இறந்தான். குடும்பத்துக்குச் சொன்னது அதுதான், காகிதத்தில் இருப்பதும் அதுதான். ஆனால் வீடியோவில் அப்பா சொல்கிறார்: "வேதசிரோமணின்னு ஒருத்தன். சாகறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் முழுக்க எட்டாம் பிளாக்ல பாடிக்கிட்டே இருந்தான். இன்னிக்கும் காதுல கேக்குது."

மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போனவன் சாயங்காலம் எப்படி பிளாக்கில் பாடினான்? அவள் அதைக் கேட்கவில்லை. எனக்குத்தான் தோன்றியது.

"நான் சண்டைக்கு வரல சார்," என்றாள். "என்ன பாட்டு பாடினான்? அது மட்டும் சொல்லுங்க, போதும்."

அப்பா ஞாபகமில்லை என்றார். வேறு யாரையோ நினைத்துச் சொல்லியிருப்பேன் என்றார். உள்ளே போய்விட்டார். ஒரு காபிகூடக் கொடுக்காமல் அவளை அனுப்பினேன்.

ஜூன் 16, திங்கள்

காலையில் அப்பாவிடம் கேட்டேன்: பாடியது வேறொரு கைதியாம். சாயங்காலம் ஆபீஸ் பஸ்ஸில் இருந்து இறங்கி வந்து கேட்டேன்: அவனேதான், ஆனால் அது வேறு நாளாம். சாப்பிடும்போது கேட்டேன்: "அந்தப் பேச்ச விடு பாப்பா."

எதை எடுத்துக்கொள்வது? எழுபத்திரண்டு வயது. மறதியாக இருக்கலாம். ஆனால் டிராக்டரில் தப்பித்தவனின் ஊர், அப்பன் பெயர் வரைக்கும் சொன்னாரே.

வேதசிரோமணி இறந்தது நான் பிளஸ் டூ எழுதிய வருடம். நாங்கள் மதிலுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தோம். என்ன ஞாபகம் வருகிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். உள்ளே கைதிகள் சுடுகிற பிரட் வாசனை. ஆள் எண்ணி முடித்ததும் அடிக்கும் மணி. கெமிஸ்ட்ரி. அப்பா என்னைப் பரீட்சைக்கு சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனது. ஒருவன் செத்ததாக ஒன்றுமே ஞாபகமில்லை. அந்த வாரம் அப்பா எப்படி இருந்தார்? எப்போதும் போலத்தான் இருந்தார் என்று தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 18, புதன்

வீடியோவை நீக்கச் சொல்லி உதயாவிடம் அப்பாவே பேசினார். என் கணவர் மோகன்ராஜுக்கு அதற்கு முன்பே கோபம். இந்த ஊர்க்காரர், தாத்தா காலத்தில் இங்கே நெல் போட்ட குடும்பம், கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் சொந்தம். "மாமாக்கு இன்னாத்துக்கு இந்த வேல? நாளைக்கு கோர்ட்டு கேசுன்னு வந்தா கட பேரு இன்னா ஆவுறது?" என்றார்.

உதயா முணுமுணுத்துக்கொண்டே நீக்கிவிட்டான்.

ஜூன் 20, வெள்ளி

அப்பா டிவியில் அந்த வீடியோவைத் தேடிக்கொண்டிருந்தார். நீக்கச் சொன்னதே அவர்தான்.

ஜூன் 22, ஞாயிறு

ஜோசலின் மறுபடி வந்தாள். அப்பா அறையை விட்டு வெளியே வரவில்லை. இன்று காபி கொடுத்தேன். அக்கா என்று கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது?

தம்பி சர்ச் கொயரில் பாடினவனாம். சின்ன வயதில் குரல் உடைந்தபோது அழுதானாம். கொலை நடந்த இடத்தில் அவன் இருந்தது உண்மை, செய்தானா என்று தனக்குத் தெரியாது என்றாள். அதை அப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை.

அவள் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மகன் தனியாக, வலியில் செத்தான் என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தவர். "வீடியோவ போட்டுக் காட்டினேன். பாடிக்கினு இருந்தான்னு கேட்டதுலருந்து அம்மா மொகமே மாறிப் போச்சு தீபா. ரெண்டு வேளை சாப்டுது. இன்னா பாட்டுன்னு மட்டும் கேட்டுக்கினே கீது."

அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஃபேன் ஓடவில்லை. உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

ஜூன் 29, ஞாயிறு

வந்தாள். உட்கார்ந்தாள். போனாள். மோகன்ராஜ் அவளைப் பார்த்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏதாவது ஒரு பாட்டின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாமா என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. கொயர் பையன், ஏதோ ஒரு கீர்த்தனை. யாருக்கு என்ன நஷ்டம்?

ஜூலை 2, புதன்

அப்பாவைக் கண் பரிசோதனைக்குத் தாம்பரம் கூட்டிக்கொண்டு போனேன். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் நான். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திடீரென்று, சன்னமாக, "பாட்டெல்லாம் இல்ல பாப்பா," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கத்துனான். சாயங்காலம் முழுக்க. கேமரா முன்னாடி அத எப்படி சொல்றது. பாடினான்னு வாயில வந்துடுச்சு."

அவன் ஒரு அதிகாரியை எதிர்த்துப் பேசிவிட்டானாம். மத்தியானம் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். அவனால் உட்கார முடியவில்லை. விடிகிற நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. அதற்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரி. காகிதத்தில் நேரம் மாறியது எப்படி என்று தனக்குத் தெரியாது என்றார்.

நீங்க அடிச்சீங்களா என்று கேட்டேன். என் வாயாலேயே கேட்டேன்.

"நான் அடிக்கல. கதவு தொறந்து விட்டது நான். பூட்டினதும் நான்."

கத்தினானே, என்ன சொல்லிக் கத்தினான் என்றேன். தண்ணீர் கேட்டான் என்றார். கொடுக்கக்கூடாது என்று மேலே இருந்து சொல்லியிருந்தார்களாம்.

"குடுத்தீங்களா?"

நர்ஸ் வந்து தனக்கோடி யாரு என்று கேட்டாள். அப்பா கையை உயர்த்தினார். கண் தெரியாததால் நான்தான் தோளைப் பிடித்து உள்ளே நடத்திக்கொண்டு போனேன். அவர் கை என் கைமேல் இருந்தது. உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. கேட்டால் என்ன சொல்வாரோ.

ஜூலை 3, வியாழன்

ஆபீஸுக்கு லீவ். தலைவலி என்று சொன்னேன்.

இன்னா பண்றது. சொல்லணுமா? சொன்னா அந்தக் கிழவி மறுபடி சாப்பிடாம கிடக்கும். சொல்லாம விட்டா — நானும் சேர்ந்து பூட்டின மாதிரி. அப்பாவ விட்டுக்குடுக்கறதா? அவர் என்னை சைக்கிள்ல வச்சு மிதிச்ச கால். அதே காலு அந்த பிளாக்ல நடந்துகினு இருந்துருக்கு.

மோகன்ராஜிடம் சொன்னேன். அந்த அம்மா சந்தோஷமாத்தானே கீறாங்க, அத ஏன் கெடுக்கிற என்றார். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாகவும் தெரியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

நானே வருகிறேன் என்று ஜோசலினுக்கு போன் செய்துவிட்டு பொழிச்சலூர் போனேன். எதற்குப் போகிறேன் என்று பம்மல் தாண்டும் வரை தெளிவாக இல்லை.

சின்ன வீடு, மாடியில். அவள் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று ஜோசலின் சொன்னதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உங்க அப்பா நல்லாயிருக்கணும், எம்புள்ள கூட கடைசில ஒரு மனுஷன் இருந்தாரே என்றார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கவில்லை.

பஸ் ஸ்டாப் வரை ஜோசலின் கூட வந்தாள். அங்கே சொன்னேன். "அக்கா, அவர் பாடல. அடிச்சிருக்காங்க. வலியில கத்தியிருக்காரு."

அதே நேரம் ஒரு விமானம் தலைக்கு மேலே தாழப் பறந்து ரன்வேக்கு இறங்கியது. அவளுக்குக் காதில் விழவில்லை. "இன்னா சொன்ன?" என்று கேட்டாள்.

மறுபடியும் சொன்னேன். முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. கதவு, பூட்டு, தண்ணீர் எல்லாம் சொன்னேன். தண்ணீர் கொடுத்தாரா என்பது எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். மறுபடி சரிசெய்தாள். ஒரு பஸ் வந்து போனது. நான் ஏறவில்லை.

"அம்மா கிட்ட சொல்லாத," என்றாள். பிறகு, "உங்க அப்பா இத எங்கயாச்சும் வந்து சொல்லுவாரா?"

தெரியாது என்றேன். இந்த ஒரு மாதமாக எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

ஜூலை 7, திங்கள்

அவளிடம் சொல்லிவிட்டதை அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தம்மா அழுதாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு

ஜோசலின் வரவில்லை. அவள் வந்த மூன்று ஞாயிறும் எப்போது போவாள் என்றிருந்தது. இன்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் போன் வந்தது. ஒரு வக்கீல் இருக்கிறாராம், பெண், இந்த மாதிரி வழக்குகள் நடத்துகிறவர். இத்தனை வருடம் கழித்து கேஸ் நிற்குமா என்று சொல்ல முடியாது, ஆனால் உள்ளே இருந்தவர் ஒருவர் பேசினால் வேறு விஷயம் என்கிறாராம். அடுத்த ஞாயிறு வரலாமா என்று கேட்டாள்.

அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் பென்ஷனுக்கு என்ன ஆகும், அவரையும் குற்றவாளியாகச் சேர்ப்பார்களா, ஒன்றும் தெரியவில்லை. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், ஒன்றையும் குறைக்காமல்.

மோகன்ராஜ், "நீ இன்னா பண்றன்னு உனக்கே தெரியுதா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். தெரியவில்லை என்றேன்.

ஜூலை 17, வியாழன்

அப்பா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முடிவெட்டிக்கொண்டு வந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

வக்கீல் பத்தரைக்கு வந்தார். கூட ஜோசலின். மோகன்ராஜ் கடைக்குப் போகவில்லை. நாற்காலிகளை எடுத்துப் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டார்.

அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஜோசலினைப் பார்க்கவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல் போனை மேஜைமேல் வைத்து, ரெகார்ட் ஆகும், பரவாயில்லையா ஐயா என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் என்ன முகம் வைத்திருந்தேனோ.

"அன்னிக்கு எட்டாம் பிளாக் டூட்டி நான்தான்," என்றார்.

குரல் ரொம்பச் சன்னமாக வந்தது. நான் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன்.