கறுப்புப் பெட்டி

புரட்டாசி, செவ்வாய் இரவு

நாளை கூச்சியிலிருந்து வெண்டைக்காய் நேரத்துக்கு டான் சோன் நாட் விமான நிலையம் போகாவிட்டால், வாங்குபவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். நம் பிக்கப்போ நின்று நின்று போகிறது. இஞ்சினுக்கு எரிபொருள் அளந்து விடும் பெட்டி கெட்டுவிட்டது, புதிது வாங்கி வாருங்கள் என்றார் மெக்கானிக். பெட்டிக்கு இங்கே வியட்நாமியத்தில் 'ஹோப்'. அது கறுப்பாக இருந்ததால் கறுப்புக்கான 'டென்' என்ற அடைமொழியும் சேர்த்து, 'ஹோப் டென்' என்று கடையில் கேட்டு வாங்கி வந்தேன். என் மைத்துனன் செல்வம் பிரித்துப் பார்த்தான்.

"மச்சான், இங்க 'ஹோப் டென்'னா வண்டி எங்க நிக்குதுன்னு காட்டுற கருவி. ஏன் நிக்குதுன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

அவனே போய் மாற்றி வந்தான். மெக்கானிக் பொருத்தினார். மாலை நெரிசலில் ஓட்டிப் பார்த்தேன். இஞ்சின் ஒருமுறைகூட அணையவில்லை. விடியலில் நானே ஓட்டுகிறேன். வெண்டைக்காய் போய்ச் சேர்ந்துவிடும். வழியில் யாரிடமும் வியட்நாமியத்தில் எதையும் கேட்காமல் இருந்தால் போதும்.