அயனி மரத்தடி ஆராதனை

அன்புள்ள மைனி,

போன ஞாயிறு ஆராதனையில் ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு என் அருகில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளையின் கையில் வசம்பு வளையல். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பிரசங்கம் எனக்குக் கேட்கவில்லை. உங்கள் சேலையில் எப்போதும் அந்த வாசனைதான் இருக்கும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் உங்கள் தோளில்தானே கிடந்தன!

அப்போது சுதந்திரம் வந்த புதிது. அருமனைப் பக்கமெல்லாம் இன்னும் திருவிதாங்கூரோடுதான் இருந்தது. போதகர் பல சபைகளைச் சுற்றிவிட்டு, இராப்போஜன அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்க மாதம் ஒருமுறைதான் நம் சபைக்கு வருவார். பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் எங்கள் மடியில் ஒரு பிள்ளை சிணுங்கினால் போதும், நீங்கள் ஓசையில்லாமல் வந்து வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுவீர்கள். முற்றத்து அயனி மரத்தடிதான் உங்கள் இடம். உங்கள் பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். நிம்மதியாக உள்ளே உட்காரவேண்டிய காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடினீர்கள். எங்களுக்கு வேத வசனம், உங்களுக்கு மூத்திரத் துணி. இராப்போஜன நேரத்தில் மட்டும் பிள்ளைகளை எங்களிடம் தந்துவிட்டுப் பின்வரிசையில் வந்து அமர்வீர்கள். மாதம் முழுவதும் நீங்கள் காத்திருந்தது அந்த ஒரு துண்டு அப்பத்துக்குத்தான். அது எனக்குத் தெரியும்.

சபைக் காரியங்களைப் பார்க்கப் புதிதாக வந்த டீக்கனாருக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் இருப்பவருக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது எப்படித் தெரியும்? ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் உங்களைப் பிடித்துக்கொண்டார்.

"பிரசங்கம் முடியட்டும்னு வெளிய இருந்துட்டு, அப்பத்துக்கு மட்டும் உள்ள வாறது நல்லாவா இருக்கு? முழு ஆராதனைக்கும் உள்ள இருக்கிய ஆளுவளுக்குத்தான் இனி இராப்போசனம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டீர்கள். ரப்பர் தோட்டத்து வழியே வீடு திரும்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "சும்மா இரு மக்கா. சொல்லிக் காட்டவா பிள்ளையளத் தூக்குனேன்?"

அடுத்து போதகர் வந்த ஞாயிறன்று முதல் மணிக்கே உள்ளே வந்து அமர்ந்தீர்கள். நீங்கள் டீக்கனார் சொல்லுக்கு அடங்கினீர்கள், பிள்ளைகள் அடங்குமா? என் மகன்தான் ஆரம்பித்து வைத்தான். ஒன்று அழ, அதைப் பார்த்து இன்னொன்று அழ, ஆலயம் சந்தையாகிவிட்டது. போதகர் குரலை உயர்த்திப் பார்த்தார். முடியாமல் வேதப்புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார்: "இத்தன நாளும் இந்தப் பிள்ளைய எல்லாம் எங்க இருந்துது?"

இந்த முறை என்னைப் பிடித்து இழுக்க நீங்கள் அருகில் இல்லை. எழுந்து நின்று சொன்னேன். "வெளிய அயனி மூட்டுல மைனிகிட்ட இருந்துது ஐயா. அவிய உள்ள இருந்தாத்தான் இராப்போசனம்னு சொல்லிட்டாவ."

டீக்கனார் தரையைப் பார்த்தார். போதகர் பதில் சொல்லும்வரை நீங்கள் காத்திருக்கவில்லை. எழுந்து வந்து என் மகனை ஒரு தோளிலும், பக்கத்து வீட்டுப் பிள்ளையை மறு தோளிலும் போட்டுக்கொண்டு வெளியே நடந்தீர்கள். மற்ற பிள்ளைகளையும் தாய்மார் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து உங்கள் காலடியில் விட்டார்கள். வெளியே போனால் அப்பம் இல்லை என்று தெரிந்துதான் போனீர்கள். அன்றைக்கு உங்களைப் பார்த்தபோது எனக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது.

பிரசங்கம் முடிந்தது. போதகர் அப்பத்தட்டையும் கிண்ணத்தையும் எடுத்தார். எங்களுக்குத் தரவில்லை. நடுவழியே நடந்து, படி இறங்கி, வெயிலில் முற்றத்தைக் கடந்து நேராக மரத்தடிக்குப் போனார். சபை முழுவதும் சன்னலோரம் திரண்டது. அவர் அப்பத்தை நீட்டினார். வாங்க உங்களுக்குக் கை ஒழியவில்லை, இரண்டு தோளிலும் பிள்ளைகள். அவரே உங்கள் வாயில் ஊட்டி, கிண்ணத்தையும் உதட்டில் சாய்த்துப் பிடித்தார்.

நீங்கள் கர்த்தரிடம் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றும் பீடத்தின் முன் அப்பத்துக்குக் கை ஏந்துகிறேன். இரண்டு கையும் வெறுமையாக இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் கூசிப்போகிறேன், மைனி.