ஆர்கானைத் திட்டிய மூன்று நாள்

அன்புள்ள ஆனந்தவள்ளிக்கு,

மஸ்கட்டில் நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? குற்றாலத்தில் சாரல் விழுகிறதா? போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்று நாளாக நான் வைத்த டிக் வெல்டிங் எல்லாம் கருத்து, ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தது. இருபது வருஷக் கைக்கு இப்படியா என்று ஆடிப்போய்விட்டேன். வெல்டிங்கில் காற்றுப் படாமல் காக்கும் ஆர்கான் கேஸில் ஏதோ கலந்திருக்கிறது என்று சத்தம் போட்டு நாலு சிலிண்டர் மாற்ற வைத்தேன். "நாளைக்கும் இப்படின்னா ஊருக்கு டிக்கெட்தான்" என்றார் மேனேஜர்.

கம்பெனித் துணி அழுக்கென்று, வெல்டிங் கம்பியை நீ இந்தத் தடவை பார்சலில் அனுப்பிய துண்டால்தான் மூன்று நாளாகத் துடைத்தேன். என்னோடு வேலை செய்யும் சுரண்டை பாண்டித்துரை அந்தத் துண்டை மோந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, கேஸு நல்லாத்தான் இருக்கு. இதுல குத்தாலத்து எண்ணெய்லா மணக்குது!"

பார்சலில் துண்டோடு நீ வைத்த எண்ணெய்ப் பாட்டில் கசிந்து, அந்த எண்ணெய் கம்பியில் பட்டுத்தான் வெல்டிங் கெட்டிருக்கிறது. தலை நிறைய அதே எண்ணெய் இருந்ததால் என் மூக்குக்குத் தெரியவில்லை. வேறு துணியால் துடைத்ததும் வெல்டிங் வெள்ளியாய் மின்னியது. வேலை தப்பியது, மானம்தான் மெஸ் வரைக்கும் போய்விட்டது.

இனி எண்ணெயைத் தனியாகக் கட்டி அனுப்பு. துண்டை எறியச் சொன்னார்கள். எறிந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தலையணையில் விரித்திருக்கிறேன். துவைக்கவில்லை.

சங்கு ஊதிவிட்டான், ஓடுகிறேன்.

முத்துராமலிங்கம்